நிறைமாதத்துக் காத்திருப்பு

(நாட்றாம்பாளையத்தில் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இக்கூட்டத்தில் எப்பொருள் பற்றிப் பேசப் போகின்றீர் என்று செயலாளர் எம்மை வினவியபொழுது, பேறுகாலத்துக்கு முற்பட்ட பத்து நாள்களைப் பற்றி என்று விடையிறுத்தோம். அவர் சிறிது திகைத்தார். தமிழாசிரியர் ஒருவர் நூல்களைப் பற்றிப் பேசாது, பெண்டிர் தம்முள் பேசிக்கொள்ளும் இப்பொருளை மேடையில் எடுத்தல் தகுமோ என்பது அவர்தம் ஐயம். ஆடவர் முதற்கண் கேட்கவேண்டிய பொருள் இதுவே என்பது எம் கருத்து. என்னை? வண்டிக்கு ஆள் அனுப்புவோரும், பெட்டியைத் திறந்து பணம் எடுப்போரும், "இப்பொழுதே புறப்படலாம்" என்றோ "பொழுது விடியட்டும்" என்றோ முடிவு கூறுவோரும் பெரும்பாலும் கணவனும் தகப்பனும் மாமனாருமே ஆவர். ஒன்றை அறியாதவர் அதன்கண் முடிவு கூறுதல் நன்றன்று.

நம் முன்னோர் கருவுற்ற மகளிரின் நிலைகளைக் கூர்ந்து நோக்கிப் பெயரிட்டனர். புளியும் மண்ணும் வேண்டும் வேட்கைக்கு வயவு என்று பெயர். முதற் கருவுக்குக் கடுஞ்சூல் என்று பெயர். ஈன்று சில நாளே ஆகிய நிலைக்குப் புனிறு என்று பெயர். மகவு பிறத்தலையே பேறு என்றனர். ஆயின், பிரிந்து சென்ற கணவன் மீளுமளவும் மனைவி ஆற்றியிருத்தலை முல்லைத் திணைக்கு உரிப்பொருளாக்கிய புலவர், வயிற்றிலுள்ள மகவு வெளிப்படுமளவும் ஒருத்தி ஆற்றியிருக்கும் இருப்புக்கு ஒரு திணை வகுத்தாரில்லை. இலக்கணம் வகுத்தோர் ஆடவர் ஆதலின் போலும்! அதனால் அவ்விருப்பின் இயல்பை நூலிற் காணாது, இருந்தவர் வாய்மொழியாலேயே அறியவேண்டியவராகின்றோம்.

எம்மிடம் பத்தாம் வகுப்புவரை பயின்ற பெண்ணொருத்தி, தலைப்பேற்றுக்காக இப்பக்கத்தே உள்ள தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். குழந்தை பிறந்து மூன்று திங்கள் கழித்து எம் இல்லத்துக்கு வந்தபொழுது, அவள் எம் மனைவியிடமும் எம்மிடமும் கூறியவற்றைச் சுருங்கச் சொல்கின்றோம். இரவில் இடப்பக்கமிருந்து வலப்பக்கம் புரள்வதற்கே எழுந்து உட்கார வேண்டியிருந்ததாம். நள்ளிரவில் எழுந்து, கழுவிய பாத்திரங்களையே மீண்டும் கழுவினாளாம்; முற்றத்தைக் கூட்டினாளாம். "ஏன் கண்ணு இந்நேரத்தில்?" என்று தாய் வினவினால் விடை தெரியவில்லையாம். தண்ணீர்க் குழாயடிக்குச் சென்றால், "இன்னும் ஆகவில்லையா?" என்று கேட்பார் நால்வர். ஓசூரில் தொழிற்சாலை ஒன்றில் முறைவேலை பார்க்கும் கணவன், தேநீர் இடைவேளைதோறும் தொலைபேசியில் அழைத்து, "வலி வந்ததா?" என்று அதனையே கேட்பான். அன்பினாற் கேட்பதே, ஆயினும், பத்தாம் முறை கேட்கும்பொழுது, செய்யவேண்டிய ஒன்றைத் தான் செய்யாதிருப்பதுபோல ஒரு குற்றவுணர்ச்சி அவளுக்கு எழுந்ததாம்.

அவள் கூறியவற்றுள் இரண்டு எம் உள்ளத்தை விட்டு அகலவில்லை. ஒன்று: விரைவிற் பிறந்துவிடவேண்டும் என்னும் வேட்கையோடு கூடவே, பிறவாதிருந்தாலும் நன்றே என்னும் எண்ணமும் இருந்ததாம். "உள்ளே இருக்கிறவரைக்கும் எனக்கு மட்டும்தான் ஐயா, வெளியே வந்துட்டா எல்லாருக்கும்" என்றாள். மற்றொன்று: தான் பிழைப்போமா என்னும் அச்சம். ஒருநாள் அதனைத் தாயிடம் கூறத் தொடங்கியபொழுது, "வாயைக் கழுவு, நிறைமாதத்துல இப்படியா பேசுறது?" என்று தாய் அடக்கிவிட்டாள். அத்தாயும் அதனையே அஞ்சிக்கொண்டிருந்தாள் என்பது பின்னரே மகளுக்குத் தெரியவந்தது. ஒரே வீட்டில் இருவர், ஒரே அச்சத்தை, ஒருவர் அறியாமல் ஒருவர் சுமந்தனர்.

இங்கிலாந்தில் கிரான்ட்லி டிக்-ரீட் என்னும் மருத்துவர் 1933-இல் வெளியிட்ட இயற்கைப் பிரசவம் பற்றிய நூலில், அச்சம் உடலை இறுக்குகின்றது, இறுக்கம் வலியை மிகுவிக்கின்றது, வலி மீண்டும் அச்சத்தை வளர்க்கின்றது என்று எடுத்துக்காட்டினார். அவர் கூறியன அனைத்தையும் பிற்காலத்தார் ஏற்றாரல்லர். எனினும், அச்சத்தைச் சொல்ல இடங்கொடாத வீடு அச்சத்தைப் போக்கிய வீடு ஆகாது என்பதற்கு எந்த நூலும் வேண்டுவதில்லை.

இனி, இக்காத்திருப்பை இருமடங்காக்கும் ஒன்றைக் கூறுவோம். அது மருத்துவர் குறித்துக் கொடுக்கும் தேதி. இத்தேதியை எங்ஙனம் கணக்கிடுகின்றனர் என்பதை நம்மவர் பலர் அறியார். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் ஜெர்மனி நாட்டு ஹைடல்பர்க் நகரில் வாழ்ந்த நேகெலே என்னும் மருத்துவர் பெயரால் வழங்குவது அக்கணக்கு. கடைசியாக விலக்கான முதல் நாளோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டுவர். ஏறத்தாழ 280 நாள் ஆகும். இருபத்தெட்டு நாள் கொண்ட திங்கள் பத்து என வைத்தாலும் 280 நாளே வரும். நம் பாட்டிமார் கூறும் பத்து மாதமும் டாக்டர் கூறும் நாற்பது வாரமும் ஒன்றோடொன்று பொருந்துகின்றமை காண்க. இக்காலத்தில் தொடக்க மாதங்களிலேயே ஸ்கேன் செய்து பார்த்துக் கணக்கைத் திருத்தியும் கொள்கின்றனர்.

ஆயினும் அது மதிப்பீடே. குறித்த அந்த நாளிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு ஐந்து அளவே ஆகும். முப்பத்தேழாம் வாரம் நிறைந்தது முதல் நாற்பத்திரண்டாம் வாரம் நிறையுமளவும் இயல்பான பேறுகள் நிகழ்கின்றன. தலைப்பேறு சில நாள் தாழ்ப்பது மிகுதி. நாமோ அத்தேதியை வட்டிக்கடைத் தவணைபோல் ஆக்கிவிட்டோம். "தேதி தாண்டிவிட்டது" என்று வீட்டார் கூறும்பொழுது, கடன் கட்டாதவள்போல அப்பெண் தலைகுனிகின்றாள். நாற்பத்தோராம் வாரம் நிறைந்தபின் மருந்து கொடுத்து வலியை வரவழைத்தல் நலம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அவ்வாறு செய்யவேண்டும் என்று மருத்துவர் உரைத்தால் அதனை ஏற்க. அது பெண்ணின் குறைபாடு என்று எண்ணற்க.

நிற்க. இனிச் சொல்வதே யாம் இன்று முதன்மையாகக் கருதி வந்தது. வலி வருமுன் சூட்டு வலி வரும். பெரியவர்கள் சீரகக் கஷாயம் கொடுத்துப் பார்ப்பர். தணிந்தால் சூட்டு வலி, மிகுந்தால் பிள்ளை வலி என்பர். இடைவிட்டு வருவதும், நடந்தால் குறைவதும் சூட்டு வலியின் இயல்பு. ஒழுங்காக வந்து, வரவர நெருங்கி, இடுப்பிலிருந்து முன்னோக்கிப் பரவுவது மெய்வலியின் இயல்பு. இங்ஙனம் ஏட்டில் எழுதிவிடலாம். இரவு இரண்டு மணிக்குத் தன் உடலில் நிகழ்வது எது என்று முதற்சூல் உற்ற பெண்ணுக்கு எங்ஙனம் தெரியும்? ஆகவே அவள் எழுப்புகின்றாள். வண்டி பிடித்து மலையிறங்குகின்றனர். "இன்னும் நாள் இருக்கிறது" என்று ஆஸ்பத்திரியில் திருப்பியனுப்புகின்றனர். முதல் முறை வீட்டார் சிரிக்கின்றனர். இரண்டாம் முறை வண்டிக் கூலியைக் கணக்கிட்டுக் கூறுகின்றனர். மூன்றாம் முறை அவள் வாய் திறவாள். அம்மூன்றாம் முறையே மெய்வலியாக இருந்தால்?

பெண்கள் பேறுகாலத்தில் இறத்தற்குக் காரணமாகும் தாமதங்களை மூன்றாக வகுத்து, 1994-இல் தாடியஸ், மெய்ன் என்னும் இரு பெண்மணிகள் எழுதினர்: புறப்பட முடிவு செய்வதில் தாமதம், வழியில் தாமதம், சென்ற இடத்தில் மருத்துவம் கிடைப்பதில் தாமதம் என்பன. வழியையும் ஆஸ்பத்திரியையும் நாம் ஒரு நாளிற் சீர்செய்ய இயலாது. முதலாவது தாமதம் முற்றிலும் நம் வீட்டுத் திண்ணையில் நிகழ்வது. "பொறு" என்னும் சொல் நம் மொழியின் சிறந்த சொற்களுள் ஒன்று. இவ்விடத்தில் அது நஞ்சாதல் கூடும். குழந்தையின் அசைவு குறைந்தது என்று அவள் கூறினாலும், பனிக்குடம் உடைந்தாலும், உதிரம் கண்டாலும், தலைவலி மிகுந்து கண் மங்கினாலும், முகமும் கையும் திடுமென வீங்கினாலும், கஷாயம் வைத்துப் பார்த்துக்கொண்டிராது அந்நேரமே புறப்படுக. இவற்றுள் அசைவு குறைந்தது என்பதை அவளையன்றி வேறு யாரும் அறியார். மாமியார் அறியார், சாதகமும் அறியாது.

சாதகம் என்றதனால் ஒன்று நினைவுக்கு வருகின்றது. கோச்செங்கட் சோழர் வரலாற்றை நம்மில் பலர் கேட்டிருப்பீர். இன்னும் ஒரு நாழிகை கழித்துப் பிறந்தால் மகவு மூவுலகும் ஆளும் என்று சோதிடர் கூற, அவர்தம் தாய் கமலவதி தன்னைத் தலைகீழாகக் கட்டித் தூக்குமாறு பணித்தாள். குழந்தை சிவந்த கண்களோடு பிறந்தது. தாய் அதன் முகத்தை ஒருமுறை நோக்கி உயிர் நீத்தாள். புராணத்தை அடியார் பெருமை கூறும் நூலாகவே போற்றுகின்றோம். ஆயினும், இவ்வரலாற்றைப் பாடம் நடத்தும்பொழுது ஒவ்வோர் ஆண்டும் ஒரு மாணவியாவது, "அந்த அம்மாவை யாரும் தடுக்கவில்லையா ஐயா?" என்று கேட்கின்றாள். அக்கேள்விக்கு உரையாசிரியர் எவரும் எமக்கு விடை தந்திலர். இக்காலத்தில் தலைகீழாகக் கட்டுவாரில்லை. நல்ல நட்சத்திரத்தில், நல்ல ஓரையில் வயிற்றைக் கீறி எடுக்கவேண்டும் என்று மருத்துவரிடம் நாளும் நாழிகையும் குறித்துக் கொடுப்பார் உளர். தக்க காரணமின்றி முப்பத்தொன்பது வாரம் நிறையுமுன் இவ்வாறு எடுக்கும் குழந்தைகள் மூச்சுத் திணறி அல்லற்படுதல் மிகுதி என்று மருத்துவர் கூறுகின்றனர்.

திருச்சிராப்பள்ளித் தாயுமானவர் கதையோ வேறு வகையது. இரத்தினாவதி என்னும் பெண் நிறைமாதத்தில் தாயை எதிர்பார்த்திருக்கின்றாள். காவிரியில் வெள்ளம், தாய் அக்கரையில் நின்றுவிட்டாள். இறைவன் அத்தாயின் வடிவெடுத்து வந்து பேறு பார்த்தான். வெள்ளம் வடிந்தபின் மெய்த்தாய் வாயிலில் வந்து நிற்க, உள்ளே ஒரு தாய் இருந்தாள் என்பது கதை. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டுகின்றோம். எல்லாம் வல்ல இறைவன் வெள்ளத்தை வற்றச் செய்திருக்கலாம். வலியின்றிப் பிறக்கச் செய்திருக்கலாம். அவன் அவற்றுள் ஒன்றும் செய்திலன். அவள் யாரை எதிர்நோக்கியிருந்தாளோ அவராக வந்து அருகில் அமர்ந்தான். 1980-இல் மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலா நாட்டில் ஓர் ஆராய்ச்சி நிகழ்ந்தது. பேறுகாலத்தில் அருகில் இருந்து தேற்ற ஒரு பெண்ணைத் துணைவைத்தபொழுது, ஆஸ்பத்திரியிற் சேர்ந்தது முதல் மகவு பிறக்குமளவும் சென்ற நேரம் ஏறத்தாழ 9 மணியாகவும், துணையின்றி இருந்தவர்க்கு 19 மணியாகவும் இருந்தது. இஃது இடர் நேராத பேறுகளை ஒப்பிட்ட கணக்கு. துணையிருந்தவள் முன்பின் அறியாதவள் என்பது வியப்பு.

அதே காவிரிதான் நம் ஒகேனக்கல்லில் விழுந்து சிராப்பள்ளிக்குச் செல்கின்றது. நமக்கோ இடையில் நிற்பது ஆறு அன்று, மலையும் காடும். 2019–21-ஆம் ஆண்டுகளில் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்ட பேறுகள் மருத்துவமனைகளிலேயே நிகழ்கின்றன. பெரும் சிறப்பே. ஆயின், முன்னாளில் மருத்துவச்சிக்குக் காத்திருந்த வீடு இப்பொழுது வண்டிக்குக் காத்திருக்கின்றது. 2008-இல் 108 வண்டி வந்தது பெருந்துணை. ஆனால், அஞ்செட்டிச் சாலையில் யானை நின்றால் அதுவும் நிற்கவேண்டுவதே. சாலை எட்டாத மலைக்குடிகளிலிருந்து பெண்களைத் தூளி கட்டித் தூக்கிவந்த செய்தியை நாம் செய்தித்தாளிற் படித்து அறியவேண்டுவதில்லை. அப்பெண்ணின் அச்சத்திற் பாதி, வலி இரவில் வந்தால் என் செய்வது என்பதே.

இதற்கு வழி முன்னரே கண்டிருக்கின்றனர். கியூபா நாட்டில் 1962 முதல், தொலைவில் வாழும் நிறைமாத மகளிர் மருத்துவமனைக்கு அருகிலேயே வந்து தங்கியிருக்க இல்லங்கள் அமைத்தனர். நம் மாநிலத்திலும் மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் பிரசவக் காத்திருப்பு அறைகள் உள்ளன. ஆயினும் நம் பெண்கள் தனியே சென்று தங்க மனம் ஒப்பார். ஆட்டையும் மாட்டையும் விட்டுத் துணைக்குச் செல்லத் தாய்க்கும் இயலாது. கேழ்வரகு அறுவடைக் காலமாயின் சொல்லவேண்டா.

ஆதலின் ஒரு தீர்மானத்தைச் சபை முன் வைக்கின்றோம். கல்யாண மண்டபத்துக்கென்று நம் சங்கம் சேர்த்துவரும் தொகையின் வட்டியிலிருந்து ஒரு பகுதியை நிறைமாத நிதி என்று ஒதுக்குக. மலைமேல் வாழும் நிறைமாதப் பெண்ணும் அவளுக்குத் துணையாக ஒருத்தியும் கடைசி இரு வாரம் தேன்கனிக்கோட்டையில் தங்க வாடகை அதிலிருந்து கொடுக்கப்படுக. ஊரில் இருப்போர்க்கு இரவில் வரக்கூடிய வண்டிக்காரர் மூவரின் தொலைபேசி எண்களை ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் ஒட்டிவைப்போம். எக்குலத்தார் வீடாயினும் அவ்வண்டி செல்க. ஒரே ஒரு விதி மட்டும் வேண்டும்: சூட்டு வலி என்று ஒருமுறை திரும்பினாலும், மும்முறை திரும்பினாலும், கூலியைச் சங்கமே கொடுக்கும், ஏன் திரும்பினாய் என்று அப்பெண்ணை ஒருவரும் வினவலாகாது.

இத்தீர்மானத்தை வழிமொழிய, தாய்மார்கள் அமர்ந்திருக்கும் பக்கத்திலிருந்து எவரேனும் ஒருவர் எழுவாராக என்று கேட்டுக்கொண்டு அமர்கின்றோம்.