குரல் பாதி, கணிப்பு பாதி: லியோன்டீன் பிரைஸின் இசைவாழ்வு

இசைக்கலைஞர்களின் வாழ்க்கையை எப்படி எழுதுவது என்பதை இரண்டு நாள் பேசக் கூடியிருக்கிறோம். தலைமையுரைக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது நமக்குத் தொலைவான ஒரு மேடையைச் சேர்ந்தவரை: அமெரிக்க ஓபரா பாடகி, சோப்ரானோ லியோன்டீன் பிரைஸ். அவரைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் கதை சுருக்கமானது. 1927இல் மிசிசிப்பி மாநிலத்தின் லாரல் என்ற சிற்றூரில், மரஅறுவை ஆலைத் தொழிலாளிக்கும் மருத்துவச்சிக்கும் மகளாகப் பிறந்த கறுப்பினப் பெண், தேவாலயத்தில் பாடி வளர்ந்தவர், 1961 ஜனவரி 27 அன்று நியூயார்க்கின் மெட்ரோபொலிடன் ஓபராவில் (சுருக்கமாக ‘மெட்’) வெர்டியின் ‘இல் த்ரவத்தோரே’யில் லியோனோராவாகப் பாடினார், 42 நிமிடம் கைதட்டல் ஓயவில்லை என்று பத்திரிகைகள் எழுதின, மறுநாள் முதல் உலகப் புகழ். இதில் பொய் என்று எதையும் தள்ள முடியாது. ஆனால் இப்படிச் சொல்லும்போது அந்த இரவுக்கு முந்தைய பத்தாண்டு வெறும் காத்திருப்பாகவும், பிந்தைய இருபத்து நான்கு ஆண்டு வெறும் அறுவடையாகவும் ஆகிவிடுகின்றன. பிரைஸின் வாழ்வை உருவாக்கியதில் குரலுக்கு எவ்வளவு பங்கோ, எதை எப்போது எங்கே பாடுவது, எதைப் பாட மறுப்பது என்ற கணிப்புக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்பது என் வாதம். பாடகரின் பாத்திர வரிசையும் நிகழ்ச்சிப் பட்டியலும், ஒலிப்பதிவுகளுக்கு நிகரான சான்றாக வாசிக்கப்பட வேண்டியவை. நம்மிடமும் வித்வான்களின் வாழ்க்கையைப் பிறவி ஞானம், அரங்கேற்றம், பட்டம், விருது என்ற நான்கு படிகளில் முடித்துவிடும் பழக்கம் இருப்பதால், இந்த வாதம் இங்கேயும் உதவும் என்று நினைக்கிறேன்.

தொடக்கத்தை விரைவாகக் கடந்துவிடலாம். வீட்டிலிருந்த கிராமபோனைக் கொடுத்து, அதை முன்பணமாக வைத்து மகளுக்குப் பியானோ வாங்கிய பெற்றோர். சிறுவயதில் ஜாக்சன் நகரில் கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சனின் கச்சேரியைக் கேட்டது. ஓஹாயோவின் வில்பர்ஃபோர்ஸில் இசையாசிரியர் ஆவதற்கான படிப்பு. பிறகு 1948இல் நியூயார்க்கின் ஜூலியார்ட் பள்ளி. அங்கே ஃப்ளாரன்ஸ் பேஜ் கிம்பலிடம் குரற்பயிற்சி. இதில் கவனிக்க வேண்டியது பணம் எங்கிருந்து வந்தது என்பது. பாடகர் பால் ராப்சன் அவருக்காக ஒரு நிதிக் கச்சேரி பாடினார். லாரலின் செல்வர்களான சிஷோம் குடும்பத்தார் உதவினர். அந்தக் குடும்பத்தின் வீட்டில் பிரைஸின் உறவுப் பெண் ஒருவர் வேலை செய்துவந்தார். கலைஞரின் தீர்மானங்களைப் பேசப் போகிறேன் என்பதால் இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். தீர்மானிக்கும் நிலைக்கு வந்து சேர்வதற்கே பலர் கைகொடுக்க வேண்டியிருந்தது. ‘தனியொருத்தியின் மனவலிமை’ என்ற சொற்றொடரை இந்த வாழ்வில் நான் பயன்படுத்த மாட்டேன்.

1952இல் கெர்ஷ்வினின் ‘போர்கி அண்ட் பெஸ்’ஸில் பெஸ் பாத்திரம் அவருக்குக் கிடைத்தது. வியன்னா, பெர்லின், லண்டன், பாரிஸ் என்று அந்தக் குழு சுற்றியது. பிறகு பிராட்வேயிலும் ஆடியது. இருபத்தைந்து வயதுக் கறுப்பினப் பாடகிக்கு அன்றைய அமெரிக்க மேடை தந்த மிகப் பெரிய வாய்ப்பு இதுதான். மிகப் பெரிய பொறியும் இதுதான். பெஸ்ஸாகப் புகழ்பெற்றவர் பெஸ்ஸாகவே பல ஆண்டு ஓட்டிவிடலாம். பிரைஸ் அந்த நாட்களில் வேறென்ன செய்தார் என்று பாருங்கள். 1953 அக்டோபரில், ‘போர்கி’ ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே, வாஷிங்டனில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் சாமுவேல் பார்பரின் ‘துறவியின் பாடல்கள்’ தொகுப்பை, பார்பரே பியானோ வாசிக்க, முதன்முதலாகப் பாடினார். அடுத்த ஆண்டு நியூயார்க் டவுன் ஹாலில் தனிக்கச்சேரி. 1955 ஜனவரியில் என்பிசி தொலைக்காட்சியின் ஓபரா அரங்கில் ‘டோஸ்கா’. வெள்ளையினப் பாடகரின் காதலியாக ஒரு கறுப்பினப் பெண் வருகிறாள் என்பதற்காகத் தென்மாநில நிலையங்கள் சில அதை ஒளிபரப்ப மறுத்தன. மறுத்தவர்களின் நோக்கம் அவரைச் சிறுமைப்படுத்துவது. நடந்ததோ, அவர் இனி பெஸ் மட்டுமல்லர் என்பதை நாடே அறிந்துகொண்டது.

இப்போது என் வாதத்தின் நடுப்பகுதிக்கு வருகிறேன். 1958 வாக்கில் மெட்ரோபொலிடன் ஓபராவின் மேலாளர் ருடால்ஃப் பிங், வெர்டியின் ‘அயீதா’வைப் பாட அவரை அழைத்தார். பிரைஸ் மறுத்துவிட்டார். என்பிசி ஓபராவின் இசை நடத்துநர் பீட்டர் ஹெர்மன் ஆட்லரின் அறிவுரை அதற்குப் பின்னால் இருந்தது: அந்த அரங்கில் முதலடி வைக்கும்போது சீமாட்டியாக நுழைய வேண்டும், அடிமையாக அல்ல என்பது அதன் சாரம். அயீதா எகிப்தில் சிறைப்பட்ட எத்தியோப்பிய இளவரசி. கதைப்படி அரசகுமாரியின் பணிப்பெண். இதை மானப்பிரச்சினை என்று மட்டும் படித்தால் ஒரு முடிச்சு அவிழாது. 1957இல் சான் பிரான்சிஸ்கோவில், நோய்வாய்ப்பட்ட அந்தோனியெத்தா ஸ்டெல்லாவுக்குப் பதிலாக பிரைஸ் அதே அயீதாவைப் பாடியிருந்தார். 1958இல் இசை நடத்துநர் ஹெர்பர்ட் ஃபான் காரயான் அழைத்து வியன்னாவில் நுழைந்ததும் அயீதாவாகத்தான். 1960இல் மிலானின் லா ஸ்காலாவிலும் அயீதாதான். அப்படியானால் மறுப்பு அந்தப் பாத்திரத்துக்கு அல்ல. அந்தப் பாத்திரம் குறிப்பிட்ட ஓர் அரங்கில், குறிப்பிட்ட ஓர் ஆண்டில் என்ன பொருள்படும் என்பதற்கு. வியன்னாவில் அவர் அயீதா பாடினால் அது அயீதா. நியூயார்க்கில், தோல்நிறத்தால் மனிதரைப் பிரித்த நாட்டின் தலைமை அரங்கில், முதல் நாளே பாடினால் அது ஒரு கறுப்பினப் பாடகிக்கென்று எடுத்துவைத்த இருக்கை. சான் பிரான்சிஸ்கோவிலும் பாருங்கள்: ஸ்டெல்லா நோய்வாய்ப்படுவதற்குச் சில வாரம் முன்பே பூலாங்கின் ‘கார்மல் துறவியரின் உரையாடல்கள்’ ஓபராவில் மடத்துத் தலைவியாக அவர் அங்கே அறிமுகமாகிவிட்டார். வரிசை முக்கியம். மூன்றாண்டு கழித்து மெட்டில் அவர் நுழைந்தது ஸ்பானிய அரசவைச் சீமாட்டி லியோனோராவாக. அதே பருவத்தில் அயீதா, டான் ஜொவான்னியின் டோன்னா அன்னா, துராந்தோட்டின் லியூ, மேடம் பட்டர்ஃப்ளை என்று நான்கு பாத்திரங்களையும் பாடினார். லியோனோராவுக்குப் பின் வந்த அயீதா அவருடைய ஐந்தில் ஒன்று. முன்னால் வந்திருந்தால் அதுவே அவர்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. காலம் மாறிக்கொண்டிருந்தது, 1954இல் பள்ளிகளில் இனப்பிரிவினை சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, 1955இல் பிங் மரியன் ஆண்டர்சனை மெட் மேடையில் ஏற்றினார், கதவு திறந்தபின் நல்ல குரல் ஒன்று நுழைவதில் கணிப்பு எங்கே வந்தது என்று கேட்கலாம். கதவு திறந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். திறந்த கதவு யாருக்கு என்ன கொடுத்தது என்பதையும் சேர்த்துப் பார்ப்போம். ஆண்டர்சன் ‘உன் பாலோ இன் மாஸ்கெரா’வில் குறிசொல்லும் உல்ரிகாவாக அங்கே பாடியபோது அவருக்கு வயது 57, குரலின் உச்ச ஆண்டுகள் கடந்துவிட்டிருந்தன. அதே 1955இன் ஜனவரி 27ஆம் தேதி, பிரைஸின் அறிமுகத்துக்குச் சரியாக ஆறாண்டு முன்பு, கறுப்பினப் பாரிடோன் ராபர்ட் மக்ஃபெரின் அயீதாவின் தந்தை அமோனாஸ்ரோவாக நுழைந்தார், அருமையான குரல், மூன்று பருவத்தில் விரல்விட்டு எண்ணும்படியான நிகழ்ச்சிகளோடு வெளியேறினார். 1956இல் கறுப்பினப் பாடகி மாட்டிவில்டா டாப்ஸ் வந்தார். எனக்கு மிக முக்கியமான சான்று க்ளோரியா டேவி. 1958இல் மெட்டில் அயீதா பாடிய முதல் கறுப்பினப் பாடகி அவர். பிரைஸ் வேண்டாம் என்ற பாத்திரம், அதே அரங்கு, ஏறத்தாழ அதே காலம். டேவியின் பெருவாழ்வு பிறகு ஐரோப்பாவில்தான் அமைந்தது. நியூயார்க்கில் அவர் நிலைகொள்ளவில்லை. இவர்களில் எவரையும் குறைத்து மதிப்பிட எனக்கு உரிமையில்லை. காலம் கதவைத் திறந்தது. உள்ளே வந்தவர்களுக்கு ஆளுக்கொரு மூலையைத்தான் காட்டியது. ஏறத்தாழ 200 நிகழ்ச்சிகள், பதினாறு பாத்திரங்கள் என்று பிரைஸ் அந்த அரங்கில் நிலைத்ததைக் காலம் மட்டுமே விளக்கிவிடாது.

அப்படியானால் குரல் விளக்குமா? இசைரசிகர்களின் மறுப்பு இதுதான், அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. லிரிகோ ஸ்பின்டோ என்று இத்தாலியர் வகைப்படுத்தும் குரல் அது: மெல்லிசைக்குரிய இழைவும், வாத்தியக்குழுவைத் தாண்டிச் செல்லும் வீச்சும் சேர்ந்தது. கீழ்ஸ்தாயியில் புகை படிந்த கரகரப்பு; மேலே போகப் போகத் தெளிந்து ஒளிவிடும். வெர்டிக்கு இதைவிடப் பொருத்தமான குரல் அந்தத் தலைமுறையில் அரிது. ஆனால் குரலே எல்லாம் என்றால், குரல் தவறான இடத்தில் வைக்கப்பட்ட நாளை என்ன செய்வது? 1961 அக்டோபரில் பருவத் தொடக்க நாளில் புச்சீனியின் ‘லா ஃபாஞ்சுல்லா டெல் வெஸ்ட்’டில் மின்னியாகப் பாடினார். வாத்தியக்காரர்களின் ஊதியத் தகராறால் அந்தப் பருவமே நின்றுபோகும் நிலை வந்து, அதிபர் கென்னடி தம் தொழிலாளர் துறை அமைச்சரை அனுப்பித் தீர்த்துவைத்த பருவம் அது. இரண்டாவது நிகழ்ச்சியின் நடுவிலேயே குரல் அடைத்துக்கொண்டது. சொற்களைக் கத்திச் சொல்லி அங்கத்தை முடித்தார். கடைசி அங்கத்துக்கு வேறொரு பாடகி, டோரத்தி கிர்ஸ்டன், வர வேண்டியிருந்தது. நடுக்குரலில் கனமாக, பேச்சுபோல் பாடவைக்கும் அந்தப் பாத்திரம் பின்னர் அவருடைய பட்டியலில் நிலைக்கவில்லை. இதற்கு எதிர்முனையில் 1985 ஜனவரி 3ஐ வையுங்கள். மெட்டில் அவருடைய இறுதி ஓபரா. தொலைக்காட்சியில் ஒளிபரப்பான அயீதா. நைல் நதிக்கரைக் காட்சியில் தாய்நாட்டை நினைத்துப் பாடும் தனிப்பாடல், முடிவை நெருங்கும்போது மேல் ‘சி’ ஸ்வரத்துக்கு ஏறுகிறது. அங்கே வெர்டி எழுதிவைத்த குறிப்பு ‘டோல்சே’: இனிமையாக, மென்மையாக. பலமாகப் பாடி அந்த இடத்தைக் கடந்துவிடுவது பல பாடகியரின் வழக்கம். பிரைஸ் மூச்சைப் பிடித்து, படிப்படியாக ஏறி, குரலைத் திணிக்காமல் அந்த ஸ்வரத்தில் நிற்கிறார். பாடி முடித்ததும் நிமிடக்கணக்கில் கைதட்டல். அவர் பாத்திரத்தை விட்டு வெளியே வராமல் நிற்க முயல்வதையும், உதடு நடுங்குவதையும் பதிவில் காணலாம். அப்போது அவருக்கு வயது 57. ஆண்டர்சன் உள்ளே நுழைந்த அதே வயதில் பிரைஸ் விடைபெறுகிறார். அந்த வயதில் அந்த ஸ்வரம் எஞ்சியிருந்தது கொடையா, சிக்கனமா? இரண்டும்தான். ஆனால் மின்னியைக் கைவிட்டதும், 1960களின் பிற்பகுதியிலிருந்து ஓபரா நிகழ்ச்சிகளைக் குறைத்துத் தனிக்கச்சேரிகளைப் பெருக்கியதும், டோன்னா அன்னா, ஃபியோர்டிலிஜி போன்ற மொஸார்ட் பாத்திரங்களை வெர்டிக்கு நடுவே வைத்துக்கொண்டதும் சிக்கனத்தின் கணக்கில்தான் வரும்.

கணிப்பு எப்போதும் பலித்ததா என்றால் இல்லை. 1966 செப்டம்பர் 16 அன்று லிங்கன் சென்டரில் மெட்டின் புதிய கட்டடம் பார்பரின் ‘ஆன்டனி அண்ட் கிளியோபாட்ரா’வோடு திறக்கப்பட்டது, கிளியோபாட்ராவின் இசை பிரைஸின் குரலுக்கென்றே எழுதப்பட்டது. இயக்குநர் ஃபிராங்கோ ஜெஃபிரெல்லியின் ஆடம்பர அரங்கமைப்பு அதை விழுங்கிவிட்டது. ஒத்திகையில் சுழல்மேடை பழுதானது; பிரமிடு ஒன்றுக்குள் பிரைஸே மாட்டிக்கொண்டார். விமர்சகர்கள் கைவிட்டார்கள். ஓர் அரங்கத்தின் திறப்புவிழாப் பெருமைக்கு ஒரு பாடகியின் ஆண்டு பலியானது என்றே நான் கருதுகிறேன். ஆனாலும் கிளியோபாட்ராவின் இரண்டு காட்சிகளைக் கச்சேரி வடிவில் பார்பர் பிரித்தெடுத்துத் தர, பிரைஸ் அவற்றைத் தொடர்ந்து பாடினார், ஒலிப்பதிவும் செய்தார். தோற்ற ஓபராவில் எது தேறும் என்று பார்த்து எடுத்துக்கொள்வதும் ஒரு கணிப்புதான்.

இன்னும் இரண்டு மறுப்புகள் மிச்சம். முதலாவது ஆய்வு முறை பற்றியது: ஆட்லரின் அறிவுரையெல்லாம் பின்னாளில் சொல்லப்பட்டவை, வெற்றிபெற்றவர் தம் பழைய நாட்களைத் திட்டமிட்டதாகவே நினைவுகூர்வார். நியாயமான எச்சரிக்கை. அதனால்தான் நினைவுகளைவிடப் பட்டியல்களை நம்பச் சொல்கிறேன். அறிவுரைச் செய்தியை முற்றிலும் நீக்கிவிட்டாலும், சான் பிரான்சிஸ்கோவில் மடத்துத் தலைவி, பிறகே அயீதா; மெட்டில் சீமாட்டி, பிறகே அயீதா என்ற வரிசை ஆவணங்களில் அப்படியேதான் நிற்கிறது. அட்லாண்டாவில் 1964இல் மெட் குழு முகாமிட்டபோது அவர் டோன்னா அன்னாவாகப் பாடியதும் அந்த வரிசையோடு பொருந்துகிறது. தென்மாநில மேடையில் அந்தக் குழுவின் முதன்மைப் பாத்திரமேற்ற கறுப்பினப் பாடகி, அங்கேயும் ஸ்பானியச் சீமாட்டி. இரண்டாவது மறுப்பு அறம் சார்ந்தது, எனக்கு இதுவே கடினமானது. வெள்ளையினச் சோப்ரானோ எவரும் அயீதாவை ஏற்பதா என்று இப்படித் தராசில் நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. சுமத்தப்பட்ட சுமையைத் திறமை என்று புகழ்வது சுமத்தியவர்களை விட்டுவிடுவதாகாதா? ஆகும், அந்தச் சுமையைக் கணக்கில் எழுதாமல் புகழ்ந்தால். 1958இல் அவரால் மறுக்க முடிந்தது வியன்னா கையில் இருந்ததால். வியன்னா இல்லாதவர்கள் மறுத்திருக்க முடியாது, மறுத்தவர்கள் இருந்திருந்தாலும் அவர்கள் பெயர் நம்மிடம் வந்து சேராது. ஆகவே மறுப்புகளின் வரலாற்றை எழுதும்போது, மறுக்க எவரிடம் வசதி இருந்தது என்பதையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும்.

இந்தக் கருத்தரங்கின் கட்டுரைச் சுருக்கங்களைப் படித்தேன். பெரும்பாலானவை பாடியவற்றைப் பற்றியவை. பாடாமல் விட்டவற்றைப் பற்றி மிகச் சிலவே. ஒப்பந்தங்கள், கடிதங்கள், அரங்கப் பதிவேடுகள் கிடைக்கும் இடங்களில் அவற்றையும் கேள்வி நேரத்தில் விவாதத்துக்குக் கொண்டுவாருங்கள் என்று கேட்டுக்கொண்டு, முதல் அமர்வைத் தொடங்கிவைக்கிறேன்.