யார் வாயைக் கட்டி, யார் வயித்தைக் கட்டி?

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த எபிசோடை கொல்லிமலை செம்மேட்டுல இருந்து பேசுறேன். காரவள்ளி அடிவாரத்துல இருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறினா வர்ற ஊர். இன்னைக்கு ஒரே ஒரு சொல்லைப் பத்திப் பேசலாம்: ஆஸ்டெரிட்டி. பொருளாதாரச் செய்திகள்ல அடிக்கடி காதுல விழும். தமிழ்ல 'சிக்கன நடவடிக்கை'ன்னு எழுதுறாங்க. அந்த மொழிபெயர்ப்பு சரிதானா?

முதல்ல சொல்லோட பூர்வீகம். கிரேக்கத்துல 'ஆஸ்டெரோஸ்'னா நாக்கை வறள வைக்கிற சுவை. வாழைப்பூவைப் பச்சையா மென்னா நாக்கு இழுத்துப் பிடிக்குமே, அந்த மாதிரி. நாம துவர்ப்புன்னு சொல்றோம். லத்தீன், பிரெஞ்சு வழியா ஆங்கிலத்துக்கு வந்தப்போ கடுமை, துறவுன்னு பொருள் விரிஞ்சுது. அரசாங்கம் செலவைக் குறைக்கிறதுங்கிற பொருள் 20-ஆம் நூற்றாண்டுல பரவினது. கிரீஸ் கடன் நெருக்கடியில தவிச்ச 2010-ல, மெரியம்-வெப்ஸ்டர் அகராதி இதையே அந்த வருஷத்தோட சொல்லா அறிவிச்சுது.

ஆக, இந்த ஒரே சொல்லுக்குள்ள மூணு தமிழ்ச் சொற்கள் இருக்கு: தவம், சிக்கனம், வெட்டு. மூணும் ஒண்ணு கிடையாது.

தவத்துக்கு இந்த மலையே சாட்சி. இங்க சித்தர் குகைகள் இருக்கு. மூலிகை தேடியும் தனிமை தேடியும் சித்தர்கள் வந்து தங்கினதா மக்கள் நம்புறாங்க. தவம்னா என்னன்னு வள்ளுவர் ரெண்டு நிபந்தனை வெக்கிறார். தனக்கு வர்ற துன்பத்தைத் தானே பொறுத்துக்கணும். இன்னொரு உயிருக்குத் துன்பம் கொடுக்கக் கூடாது. ரெண்டாவது நிபந்தனையை மனசுல வெச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

அடுத்தது சிக்கனம். சட்டை உடம்போட சிக்குன்னு இருக்குன்னு சொல்றோம் இல்லையா, அந்த இறுக்கம் இந்தச் சொல்லுலயும் இருக்கு. இங்க சாமை, தினை, கேழ்வரகு விளைவிக்கிற குடும்பங்களுக்கு அது தெரியும். வீட்டுல தானியம் குறைஞ்சாலும் விதைக்கு எடுத்து வெச்சதைத் தொட மாட்டாங்க. வாயைக் கட்டி, வயித்தைக் கட்டி சேர்க்கிறதுன்னு சொல்றது இதைத்தான். கட்டுறதும் அவங்க வயிறு, அடுத்த வருஷம் நிறையப் போறதும் அவங்க வயிறு.

சிக்கனம் வேற, கஞ்சத்தனம் வேற. செம்மேட்டுல வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கு. கடையெழு வள்ளல்கள்ல ஒருத்தர். ஈகைக்கு எதிரி கஞ்சத்தனம்தான். சிக்கனமா இருக்கிறவங்க தாராளமா கொடுக்கவும் முடியும்.

மூணாவது வெட்டு. இதுக்குப் பக்கத்துலயே உதாரணம் இருக்கு, இலங்கை. 2019 கடைசியில அங்க வாட் வரியை 15 சதவீதத்துல இருந்து 8 ஆகக் குறைச்சாங்க. அரசோட வருமானம் சரிஞ்சுது. கொரோனா வந்து சுற்றுலாவும் படுத்துது. 2022 ஏப்ரல்ல வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியலைன்னு அரசு அறிவிச்சுது. 2023 மார்ச்சுல ஐ.எம்.எஃப். சுமார் 300 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் கொடுத்துது. மின்கட்டணம் 2022 ஆகஸ்ட்ல சராசரியா 75 சதவீதம், 2023 பிப்ரவரியில மறுபடியும் 66 சதவீதம் ஏறுச்சு. வாட் படிப்படியா உயர்ந்து 2024 ஜனவரியில 18 சதவீதம் ஆச்சு.

கஜானா காலியானா எங்கேயாவது இறுக்கித்தான் ஆகணும், அதை நான் மறுக்கலை. ஆனா சோப்பு வாங்கும்போது கொழும்புப் பணக்காரரும் நுவரெலியா தேயிலைத் தோட்டத் தொழிலாளியும் கட்டுறது ஒரே சதவீத வரி. ஒருத்தருக்கு அது பில்லுல ஒரு வரி. இன்னொருத்தருக்கு ஒரு வேளைச் சாப்பாடு. கடன் வாங்குற முடிவை எடுத்தவங்க வேற, வயித்தைக் கட்டுறவங்க வேற. வள்ளுவரோட ரெண்டாவது நிபந்தனை உடையறது இங்கதான்.

இதுக்கு நேர்மாறா ஒண்ணு சொல்றேன். 1965-ல போரும் உணவுப் பஞ்சமும் சேர்ந்து வந்தப்போ, பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வாரத்துக்கு ஒரு வேளை சாப்பாட்டைத் தியாகம் பண்ணச் சொல்லி நாட்டைக் கேட்டார். அதுக்கு முன்னாடி தன் வீட்டுல அதைச் செஞ்சு பார்த்தார். அதனாலதான் ஜனங்க கேட்டாங்க. பட்டினி கிடக்கிறவங்களுக்கு அந்த வேண்டுகோள் பொருந்தாதுதான். ஆனா கேட்டவரும் கட்டினவரும் ஒரே ஆள்.

என் யோசனை இதுதான். அரசாங்கம் மக்கள் மேல சுமத்துறதைச் 'சிக்கனம்'னு சொல்ல வேண்டாம். அது நல்ல சொல், நம்ம பாட்டிகள் சம்பாதிச்சுக் கொடுத்த சொல். 'செலவு வெட்டு'ன்னோ 'வரிச்சுமை'ன்னோ நேராவே சொல்லலாம். உங்க ஆபீஸ்ல 'இந்த வருஷம் சிக்கனமா இருக்கணும்'னு மெயில் வந்தாலும் ஒரே கேள்வி கேளுங்க: முடிவு எடுத்தவங்க எதைக் குறைச்சுக்கிட்டாங்க? பதில் இருந்தா அது சிக்கனம். இல்லைன்னா வெட்டுதான்.

உங்க வீட்டுல சிக்கனத்துக்கு என்ன சொல் புழங்குதுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.