பட்டினமும் சேரியும்

(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

நகர வளர்ச்சியைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். நான் பேச வேண்டியதை உங்கள் ஊர்ப் பெயரே எடுத்துக் கொடுத்துவிட்டது. பட்டினம் என்பது கடற்கரை நகரம். சேரி என்பது மக்கள் சேர்ந்து வாழுமிடம். பழந்தமிழில் அச்சொல்லுக்கு இழிவு ஏதுமில்லை. நம் ஆட்சிப் பகுதியின் தலைநகரே புதுச்சேரிதான். ஊர் வேறு, சேரி வேறு என்று கோடு கிழித்தது பிற்காலம். பட்டினம் வளரும்போது சேரி என்ன ஆகிறது? இஃதொன்றே என் கேள்வி.

அண்ணல் அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில், கிராமத்தைப் போற்றிப் பேசியவர்களை வன்மையாக மறுத்தார். நகரமே நமக்கு விடுதலை தரும் என்னும் நம்பிக்கை நம் முன்னோருக்கும் இருந்தது. அந்நம்பிக்கையோடு நாகப்பட்டினத் துறையில் ரஜூலா கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்றோர் பலர்.

அச்சிங்கப்பூரை எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் அங்கும் குடிசைகளே மிகுதி. 1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பெற்றது. 1961 மே 25 அன்று புக்கிட் ஹோ சுவீ என்னும் குடிசைப் பகுதி தீக்கிரையாகி, ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். அந்த நிலம் செல்வர்க்குப் போகவில்லை. அங்கேயே எளியோர்க்கு அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. 1968 முதல் தொழிலாளி தன் சேமநிதியைக் கொண்டே வீட்டை உரிமையாக்கிக் கொள்ளவும் வழி பிறந்தது. 1977-இல் தொடங்கிப் பத்தாண்டுகள் ஆற்றைத் தூய்மை செய்தபோது, தெருவோர வணிகரை வெறுமனே விரட்டிவிடவில்லை; குழாயும் வடிகாலும் உள்ள அங்காடிகளில் இடம் தந்தனர். 1989-இல் இன்னொன்று செய்தனர். எந்தக் கட்டடமும் ஓரினத்தார் மட்டுமே வாழுமிடமாகிவிடாதபடி, இனத்துக்கு இத்தனை வீடு என வரம்பு வகுத்தனர். ஊரும் சேரியும் பிரிந்து கிடக்கும் நாட்டிலிருந்து பார்க்கும் நமக்கு அது சிந்தனைக்குரிய செய்தி.

ஆயினும் அந்நகரில் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அங்குள்ள மாளிகைகளைக் கட்டும் அயல்நாட்டுத் தொழிலாளர்க்கு அந்த அடுக்குமாடி வீடுகளில் உரிமை இல்லை. அவர்களுள் நம் மாவட்டங்களின் பிள்ளைகளும் உளர். 2020-இல் கொரோனா நோய் பரவியபோது, அந்நாட்டில் கண்டறியப்பட்ட நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர், நெருக்கமான தொழிலாளர் விடுதிகளில் வாழ்ந்தவர்களே.

இனிச் சென்னைக்கு வருவோம். 1970-இல் குடிசை மாற்று வாரியம் அமைந்தது. தொடக்க காலத்தில், குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு என்பது அதன் வழியாக இருந்தது. 2000-க்குப் பின் நிலத்தின் விலை ஏறிற்று, மக்கள் வெளியேற்றப்பட்டனர். கூவக் கரையிலும் அடையாற்றங் கரையிலும் இருந்தோர் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என நகரின் தென்கோடிக்குக் கொண்டு செல்லப்பட்டனர். வீடு கிடைத்தது, வேலை தொலைவாயிற்று, பிள்ளைகள் பலரின் படிப்பு நின்றது. பக்கத்திலேயே கணினி நிறுவனங்கள் வானளாவ நிற்கின்றன. ஆனால் முகவரியைக் கேட்டதுமே வேலை மறுக்கப்படுகிறது என்று அங்குள்ள இளைஞர்கள் கூறியிருக்கிறார்கள். கிராமத்தில் தெருப்பெயர் சாதியைக் காட்டிக் கொடுத்தது. நகரத்தில் அவ்வேலையைக் குடியிருப்பின் பெயர் செய்கிறது!

தோழர்களே, ஆகவே வளர்ச்சியைக் கட்டடத்தின் உயரத்தால் அளவாதீர்கள். அதைக் கட்டியவன் இரவில் எங்கே உறங்குகிறான், அவன் பிள்ளை காலையில் எந்தப் பள்ளிக்குச் செல்கிறது என்று கேளுங்கள்.

நம் வாயிலுக்கும் வளர்ச்சி வந்துவிட்டது. 2009-இல் வாஞ்சூரில் துறைமுகம் இயங்கத் தொடங்கிற்று. 2011-இல் நாகூரிலிருந்து காரைக்காலுக்கு மீண்டும் இரயில் வந்தது. இவற்றை நான் வெறுக்கவில்லை. அங்கே சுமை தூக்குவோராக மட்டும் நாம் நின்றுவிடக் கூடாது என்பதே என் கவலை.

இளைஞர்கள் மூன்று கடமைகளை மேற்கொள்ள வேண்டும். முதலாவது, வீட்டு மனைக்குப் பட்டா உண்டா என்று இன்றே பாருங்கள். காகிதமில்லாதவனைத்தான் முதலில் நகரச் சொல்வார்கள். இரண்டாவது, பட்டத்தோடு ஒரு தொழில்நுட்பமும் கற்றுக்கொள்ளுங்கள். மூன்றாவது, பெருந்தொழில்கள் பலவற்றிற்கு அனுமதி தருமுன் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டுமென 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கை கூறுகிறது. அக்கூட்டத்துக்குச் செல்லுங்கள். அறிக்கையை முன்னதாகவே படித்துவிட்டுச் செல்லுங்கள். கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்திலும் அச்சமின்றிக் கேள்வி கேளுங்கள்.

இக்கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாகக் கற்பித்த எழுத்து, மனுப் போடுவதற்கு மட்டுமன்று. நம்மைப் பற்றிப் பிறர் எழுதும் திட்டத்தைப் படிப்பதற்கும், அதைத் திருத்தச் சொல்வதற்கும் உரியது. பட்டினமும் சேரியும் இவ்வூரின் பெயரில் ஒன்றாய் இணைந்து நிற்கின்றன. வாழ்விலும் அவற்றை இணைப்பது உங்கள் கையில் உள்ளது.