மணிக்கட்டுக் கயிறு

திருநெல்வேலிப் பக்கம் காலை பஸ்ஸில் பள்ளிப் பிள்ளைகளின் மணிக்கட்டைக் கவனித்திருக்கிறீர்களா? கோயில் கயிறு சரி. ஆனால் எந்த நிறம் எந்தச் சாதிக்கு என்று பிள்ளைகளுக்கே அத்துப்படியான கயிறும் உண்டு. அதை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித் தரவில்லை. வீட்டுத் திண்ணையில் கேட்ட பேச்சு, தெருமுனை பிளெக்ஸ் போர்டு, பக்கத்து பெஞ்சு சேக்காளி, இவர்கள்தான் வாத்தியார்கள்.

2023 ஆகஸ்டில் அதே திருநெல்வேலிப் பக்கம், நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவன் ஒருவனை, அதே பள்ளியில் படித்த பையன்கள் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. காரணம் சாதி. வெட்டிய கைகளும் பதினேழு வயதுக் கைகள்தானே என்று நினைக்கும்போது மனசு ஆறவில்லை.

அதன்பின் அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது: வண்ணக் கயிறு கூடாது; பள்ளிப் பெயர்களில் சாதி நீங்க வேண்டும்; வகுப்பில் அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும். எனக்குப் பிடித்தது இந்தக் கடைசி யோசனை. யார் பக்கத்தில் யார் என்பதை அகரவரிசை முடிவு செய்யட்டும்.

வெட்டுப்பட்ட அந்தப் பையன் மறுவருடம் பிளஸ் டூ தேறி, கல்லூரியில் சேர்ந்தான்.