மாட்டேன் என்று சொல்லும் உரிமை: மதுரையின் மரபுகளும் பறையும்



முனைவர் கே.ஏ.குணசேகரன் அவர்களின் நினைவாக இந்தச் சொற்பொழிவை நிகழ்த்த அழைத்த நண்பர்களுக்கு நன்றி. சிவகங்கைச் சீமையின் மாரந்தையில் பிறந்தவர் அவர். இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’ பாடலை ஊர் ஊராகக் கொண்டுபோன குரல் அவருடையது. ‘பலி ஆடுகள்’ நாடகத்தையும் ‘வடு’ என்ற தன்வரலாற்றையும் தந்துவிட்டு 2016 சனவரியில் மறைந்தார். நாட்டுப்புறக் கலையை ஆராய்ந்தவர்கள் பலர் உண்டு. ஆராய்ந்த கலையை மேடையில் நின்று தானே பாடியவர்கள் சிலர்தான். அவரைப் பற்றிப் பேசுவதைவிட அவர் கேட்ட கேள்வியைத் தொடர்ந்து கேட்பதே அவருக்குச் செய்யும் மரியாதை என்று நினைக்கிறேன். நாம் கூடியிருக்கும் இந்த மதுரையை வைத்தே அதைக் கேட்போம்.

மதுரைக்கு வருகிற ஒருவர் என்னென்ன பார்க்கிறார்? மீனாட்சி அம்மன் கோயில், 1636இல் கட்டப்பட்ட திருமலை நாயக்கர் மகால், வண்டியூர்த் தெப்பக்குளம், காந்தி அருங்காட்சியகம், அழகர்கோயில். சாப்பிட ஜிகர்தண்டாவும் கறித்தோசையும். கொண்டுபோக மல்லிகைப் பூ. சித்திரையில் வந்தால் திருவிழா, தையில் வந்தால் அலங்காநல்லூர். வழிகாட்டி நூல்கள் எல்லாவற்றிலும் இதே பட்டியல்தான். மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் தோண்டிய பள்ளமே தெப்பக்குளம் ஆயிற்று என்றும் சொல்வார்கள். தோண்டியவர் யார் என்று மட்டும் சொல்வதில்லை. ஊரின் பெருமை அரசர் பெயரில் எழுதப்படுகிறது. மண் சுமந்தவர், தோல் பதப்படுத்தியவர், கொட்டு அடித்தவர் எல்லாருக்கும் சேர்த்து ‘மக்கள்’ என்று ஒரே சொல்.

மீனாட்சி கோயிலிலேயே தொடங்குவோம். 1939 சூலை 8ஆம் நாள் அ.வைத்தியநாதய்யர் தலைமையில் கக்கன் உள்ளிட்ட ஐந்து தலித்துகளும் ஒரு நாடாரும் அந்தக் கோயிலுக்குள் நுழைந்தார்கள். அதுவரை நம் முன்னோர் கோபுரத்தை வெளியில் நின்றுதான் கும்பிட்டார்கள். இன்று வாசலில் நிற்கும் வரிசையில் யாரும் யாரையும் சாதி கேட்பதில்லை. ஆயிரம் ஆண்டுப் பெருமை பேசும் கோயிலில் நாம் உள்ளே போகத் தொடங்கி இன்னும் நூறு ஆண்டு ஆகவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்தக் கோபுரத்தைப் பாருங்கள்.

கிழக்குக் கோபுரத்தின் பக்கத்தில் வெளியே ஒரு சாமி நிற்கிறார். மதுரைவீரன். கதை உங்களுக்குத் தெரியும். சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவன் பொம்மியை மணந்தான். திருமலை நாயக்கருக்காக மதுரைக்கு வந்து கள்ளரை அடக்கினான். வெள்ளையம்மாளைக் காதலித்தான் என்ற பழியில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டான். இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது அதன் தொடக்கம். அவன் காசி ராசா பெற்ற பிள்ளை, கொடி சுற்றிப் பிறந்ததால் காட்டில் விடப்பட்டான், அதை அருந்ததியத் தம்பதி எடுத்து வளர்த்தார்கள் என்று அச்சிட்ட கதைகள் சொல்கின்றன. 1956இல் எம்.ஜி.ஆர் நடித்த ‘மதுரை வீரன்’ படமும் ராசா வீட்டுப் பிறப்பையே காட்டியது. வளர்த்தவர்களுக்கே அவன் பிறந்தான் என்று சொல்லும் அருந்ததியர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

வீரம் ஒரு சக்கிலியன் உடம்பிலிருந்து வரலாம் என்பதை ஒப்ப முடியாத மனம்தான் அவனுக்கு ஒரு ராசாவை அப்பனாகத் தேடிக் கொடுத்தது. வெட்டிக் கொன்ற பிறகு சாமியாக்குவது, சாமியாக்கிய பிறகு சாதியை மாற்றுவது என்று இரண்டு முறை அவனைக் கொன்றிருக்கிறார்கள். நாட்டுப்புற மரபு என்று எதையும் அப்படியே வாங்கிக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. மரபுக்குள்ளேயே திருத்தம் நடக்கிறது. திருத்தும் கை யாருடையது என்று நாம்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து சித்திரைத் திருவிழா. மீனாட்சி கல்யாணமும் அழகர் ஆற்றில் இறங்குவதும் ஒரு காலத்தில் தனித்தனி விழாக்கள். இரண்டையும் ஒரே மாதத்தில் சேர்த்தவர் திருமலை நாயக்கர் என்பார்கள். தங்கக் குதிரையும் பட்டின் நிறமும்தான் மறுநாள் செய்தியாகின்றன. தொ.பரமசிவன் தன் ‘அழகர் கோயில்’ ஆய்வில் வேறொன்றைப் பார்த்தார். கள்ளர், இடையர், வலையர், பள்ளர், பறையர் ஆகிய உழைக்கும் சாதிகளோடு அந்தக் கோயிலுக்கு இருந்த உறவைத் தனித்தனியே எழுதினார். கோயிலை மன்னரிடமிருந்தும் புராணத்திலிருந்தும் எடுத்து, கூடும் சனத்தின் பக்கம் திருப்பி வைத்த நூல் அது.

திருவிழாவில் ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். அழகர் வேடமிட்டவர்கள் தோளில் தோல்பையைத் தொங்கவிட்டு நீர் பீய்ச்சிக்கொண்டு வருவார்கள். சித்திரை வெயிலில் நடந்து வரும் சாமிக்கு அது குளிர்ச்சி. அந்த நீர் தோலின் வழியாகத்தான் சாமி மேல் படுகிறது. தோலைத் தொட்டவனைத் தீண்டத்தகாதவன் என்று சொன்ன ஊர், தோலில் வந்த நீரைத் தீர்த்தமாக ஏற்றுக்கொண்டது. பண்டம் வேண்டும், செய்தவன் வேண்டாம். ஒலி வேண்டும், அடித்தவன் எட்ட நிற்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் பறைக்கு வருகிறேன்.

தொல்காப்பியம் திணைகளின் கருப்பொருளை வரிசைப்படுத்தும்போது தெய்வம், உணவு ஆகியவற்றோடு பறையையும் சேர்க்கிறது. நிலத்துக்கு ஒரு தெய்வம் இருந்ததுபோல நிலத்துக்கு ஒரு பறையும் இருந்தது. துடியன், பாணன், பறையன், கடம்பன் ஆகிய நால்வரைக் குடிகளாகப் போற்றும் பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. அந்தப் பறை பிற்காலத்தில் சாவு வீட்டு வாசலில் கட்டப்பட்டது. கேதம் சொல்வது, பாடைக்கு முன்னால் அடித்துப் போவது, செத்த மாட்டை அப்புறப்படுத்துவது என்று ஒரு பொட்டலமாக ஊழியம் நம் தலையில் ஏற்றப்பட்டது. கூலி, களத்தில் அளக்கும் நெல்லும் மிஞ்சிய சோறும். வரமாட்டேன் என்றால் வேலை கிடையாது, கடையில் சாமான் கிடையாது, அடி உண்டு.

அந்தக் கருவிக்குள் இருக்கும் அறிவையும் பார்க்க வேண்டும். கட்டை வளையத்தைப் பொருத்தி, தோலைப் பதம் பார்த்து இழுத்து, புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிக் காயவைக்க வேண்டும். அடிக்கும் முன் வைக்கோல் தீயில் காய்ச்ச வேண்டும். ஈரக்காற்று அடித்தால் எவ்வளவு நேரம் காட்டுவது என்பது கைக்குத்தான் தெரியும். ஒரு கையில் அடிக்குச்சி, மறுகையில் சிம்புக்குச்சி. சாமிச்சாட்டு அடி, மாரடிப்பு அடி, வாழ்த்தடி, ஒத்தையடி என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், தனிக் கணக்கு. இதற்கு ஏடு கிடையாது. ஆசானின் கையிலிருந்து பிள்ளையின் கைக்குப் போனது. இதைத்தான் ‘தப்பு’ என்று ஒதுக்கினார்கள்.

இந்தப் பறையை என்ன செய்வது என்பதில் நமக்குள் இரண்டு பதில்கள் இருந்தன, இன்றும் இருக்கின்றன. ஒன்று, இது இழிவின் சின்னம், இனி அடிக்க மாட்டோம் என்பது. பல சேரிகளில் இளைஞர்கள் பறையைக் கொளுத்தினார்கள், சாவுக்கு அடிக்கப் போகக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்தார்கள். மற்றொன்று, இது நம் ஆயுதம், இதை மேடையேற்றுவோம் என்பது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியின் தலித் ஆதார மையம் நடத்திய கலைவிழாக்கள் அந்த வழியில் நடந்தவை. அங்கே ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு, நம்மில் பலருக்குப் ‘பரட்டை’, நாட்டுப்புற இசையைத் தேவாலயத்துக்குள் கொண்டுபோனார். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையைத் தோளில் மாட்டினார்கள். ஒப்பாரிக்கும் குலவைக்கும் மட்டும் என்று ஒதுக்கப்பட்ட பெண் குரல் அங்கே கொட்டாக மாறியது. 2025இல் மதுரையைச் சேர்ந்த பறையிசை ஆசான் வேலு அவர்களுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. கருவியைத் தொட்டால் தீட்டு என்ற நாட்டில் அது சிறிய செய்தி இல்லை.

கொளுத்தியவர்களா சரி, மேடையேற்றியவர்களா சரி என்று பட்டிமன்றம் நடத்த நான் வரவில்லை. இரண்டு பேரும் செய்தது ஒன்றையே. பறையைப் பற்றிய முடிவை ஊர்க்காரர் கையிலிருந்து பிடுங்கித் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். கொளுத்தும் உரிமை இருப்பவன் அடித்தால்தான் அது கலை. மாட்டேன் என்று சொல்ல முடியாதவன் அடித்தால், எவ்வளவு அழகாக அடித்தாலும் அது ஊழியம்.

ஆகவே இந்த மாவட்டத்தின் மரபு என்று யாராவது எழுதினால் கீழ்க்கண்ட ஊர்களையும் சேர்த்து எழுத வேண்டும். மேலவளவு: 1997 சூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடன் சென்றவர்களும் வெட்டிக் கொல்லப்பட்ட ஊர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம்: தலித்துக்கு ஒதுக்கிய தலைவர் பதவியை நிரப்பவிடாமல் பத்து ஆண்டு தடுத்து, 2006இல்தான் தேர்தல் முறையாக நடந்த ஊர்கள். உத்தப்புரம்: 2008 மே மாதத்தில் தீண்டாமைச் சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்ட ஊர். இந்த மண்ணிலும் கொடை உண்டு, முளைப்பாரி உண்டு, கொட்டு உண்டு. அந்தக் கொட்டை யார், எந்த உரிமையோடு அடித்தார் என்று கேட்காமல் ‘கிராமியப் பண்பாடு’ என்று பாராட்டுவது எப்படி?

இனி எந்தத் திருவிழாவைப் பார்த்தாலும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். அடிப்பவர் மறுக்க முடியுமா? கூலியை யார் முடிவு செய்கிறார்? அடித்து முடித்ததும் அதே பந்தியில் உட்கார முடிகிறதா? அழைப்பிதழில் அவர் பெயர் இருக்கிறதா, அல்லது ‘மேளதாளம்’ என்று மட்டும் போட்டிருக்கிறதா? அருந்ததியர், பறையர், பள்ளர் என்று நமக்குள் இருக்கும் படிகளின் மீதும் இதே கேள்விகளைப் போட்டுப் பாருங்கள். மதுரைவீரனைக் கும்பிட்டுவிட்டு அவனை வளர்த்த வீட்டில் தண்ணீர் குடிக்கத் தயங்கினால், நாமும் அந்த ராசா கதையைத்தான் நம்புகிறோம்.

இளைய தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் முதிய ஆசான் ஒருவர் இருப்பார். அவரிடம் போங்கள். அவருக்குத் தெரிந்த அடிகளை ஒலிப்பதிவு செய்யுங்கள், யாரிடம் கற்றார் என்று எழுதுங்கள். எந்த வீட்டுச் சாவுக்கு, எத்தனை இரவு, என்ன கூலிக்கு அடித்தார் என்பதையும் எழுதுங்கள். எப்போது முதல்முறையாக வரமாட்டேன் என்று சொன்னார் என்று கட்டாயம் கேளுங்கள். நம் ஊரின் வரலாறு அந்த நாளிலிருந்து தொடங்குகிறது.

ஜெய்பீம்.