உபாத்தியாயர்களும் ஆராய்ச்சியும்
(உபாத்தியாயர்கள் கூட்டமொன்றில் செய்த பிரசங்கம்)

 

பள்ளிக்கூட உபாத்தியாயர்களும் தலைமை உபாத்தியாயர்களும் எதனால் ஆராய்ச்சி செய்ய முற்படுகிறார்கள் என்பது பற்றிச் சில வார்த்தைகள் சொல்லலாமென்றிருக்கிறேன். உபாத்தியாயருக்கு ஆராய்ச்சி எதற்கு, பாடப் புத்தகத்தில் உள்ளதைச் சொல்லிக் கொடுத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அப்படியானால் புராணம் படிப்பவருக்கும் உபாத்தியாயருக்கும் வித்தியாசம் என்ன? இருவரும் யாரோ எழுதி வைத்ததை ஒப்புவிப்பவர்கள்தானே!

சட்டம் போட்டால் ஆராய்ச்சி வந்துவிடுமா? ஜெர்மனியில் பிரஷ்ய சர்க்கார் அதைச் செய்து பார்த்தது. ஒவ்வொரு உயர்தரப் பள்ளியும் வருஷந்தோறும் ஒரு அறிக்கை அச்சிட வேண்டும். அதில் தலைமை உபாத்தியாயரோ மற்றொரு உபாத்தியாயரோ ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுத வேண்டும் என்று 1824-ல் உத்தரவு போட்டது. கட்டுரைகள் குவிந்தன. ஆனால் படிப்பார் யார்? வையர்ஸ்ட்ராஸ் என்கிற கணித உபாத்தியாயர் 1840-களில் அத்தகைய அறிக்கைகளில் எழுதியவை கவனிப்பாரற்றுக் கிடந்தன. கணிதத்தோடு தேகப்பயிற்சியும் கையெழுத்தும்கூடச் சொல்லிக் கொடுத்து வந்த அவருக்கு, தம் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசக்கூட ஊரில் ஆளில்லை. 1854-ல் பெரிய கணிதப் பத்திரிகையொன்றில் அவர் கட்டுரை வந்த பிறகுதான் கோனிக்ஸ்பெர்க் சர்வகலாசாலை டாக்டர் பட்டம் கொடுத்தது. உத்தரவு காகிதத்தைத்தான் உண்டாக்கும். அறிவை உண்டாக்குவது மனிதனுக்குள் இருக்கும் கேள்விதான்.

உத்தியோக ஆசையால் ஆராய்ச்சி செய்யலாமா என்றால், தாராளமாகச் செய்யலாம். ஓம் என்பவர் பூட்டுத் தொழிலாளியின் மகன். 1817-ல் கொலோன் நகரப் பள்ளி உபாத்தியாயரானார். சர்வகலாசாலையில் வேலை கிடைக்க வேண்டுமென்ற ஆசை அவருக்கு இருந்தது. அதில் குற்றமென்ன? ஆனால் ஆசை மட்டும் போதவில்லை. பள்ளியில் நல்ல கருவிகள் இருந்தன. 1826-ல் அரைச் சம்பளத்துடன் ஒரு வருஷ லீவும் கிடைத்தது. 1827-ல் அவர் புஸ்தகம் வெளிவந்தது. சொந்த நாட்டார் அதை மதிக்கவில்லை. 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி பதக்கம் கொடுத்துக் கௌரவித்தது. இன்று மின்சாரம் படிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் அவர் விதியைப் படிக்கிறது.

நிற்க, மெண்டல் என்பவர் மடத்துச் சாமியார். பள்ளியில் பதில் உபாத்தியாயராகவும் இருந்தவர். உபாத்தியாயர் பரீட்சையில் இரண்டு தடவை தேறாதவர்! ஆனாலும் 1856 முதல் 1863 வரை சுமார் 28,000 பட்டாணிச் செடிகளை வளர்த்து, எந்தக் குணம் எப்படிச் சந்ததிக்கு வருகிறது என்று எண்ணிப் பார்த்தார். வேதப்புஸ்தகத்தைப் புரட்டியா கண்டுபிடித்தார்? செடியை எண்ணியல்லவா கண்டுபிடித்தார்! 1866-ல் அச்சான அந்த உண்மையை உலகம் 1900-ல்தான் உணர்ந்தது. பணமும் புகழும்தான் நோக்கமென்றால் அவர் இத்தனை வருஷம் எண்ணியிருப்பாரா?

ஆகவே தோழர்களே, ஆராய்ச்சிக்கு வேண்டியது மூன்று: கேள்வி, அவகாசம், சொன்னதைக் கேட்பதற்கு ஆள். முதலாவது உபாத்தியாயரைச் சேர்ந்தது. மற்ற இரண்டும் தலைமை உபாத்தியாயரையும் சர்க்காரையும் சேர்ந்தவை. ஜனக்கணக்கெடுக்கவும், எலெக்ஷன் வேலைக்கும் உபாத்தியாயரை அனுப்பிவிட்டு, "ஏன் ஆராய்ச்சி செய்யவில்லை?" என்று கேட்பது நியாயமாகாது.

உங்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான். பெரிய கருவிகள் இல்லாவிட்டாலும் உங்கள் வகுப்பு இருக்கிறது. எந்தப் பிள்ளை பள்ளியை விட்டு நின்றது, ஏன் நின்றது? ஒரு கணக்கை எந்த விதமாகச் சொன்னால் அதிகம் பேருக்கு விளங்குகிறது? "அந்தப் பிள்ளைக்குத் தலையெழுத்து" என்று சொல்லாமல், எண்ணிப் பாருங்கள், எழுதி வையுங்கள், மற்ற உபாத்தியாயர்களிடம் காட்டுங்கள். தவறென்று தெரிந்தால் மாற்றிக் கொள்ளுங்கள். "ஏன்?" என்று கேட்கும் பிள்ளையை அதட்டி உட்கார வைக்கிற உபாத்தியாயர், மூடநம்பிக்கைக்குச் சம்பளமில்லாத பிரசாரகராகிறார். "வா, பார்ப்போம்" என்கிறவரே ஆராய்ச்சிக்காரர். அப்படிப்பட்டவர்கள் ஊருக்கு ஒருவராவது உண்டாக வேண்டும் என்று சொல்லி என் வார்த்தைகளை முடித்துக் கொள்ளுகிறேன்.