இருளில் பழகும் ஊர்

1987-இல் தொடங்கிய எராஸ்மஸ் பரிமாற்றத் திட்டத்தின் வழியே கல்வியியல் பயிலும் அயல்நாட்டு மாணாக்கர், 1863-இல் உபாத்தியாயர் பயிற்சிக் கூடமாக ஆரம்பித்து இன்று சர்வகலாசாலையாக விளங்கும் பின்லாந்தின் யுவாஸ்கூலா வித்தியாஸ்தானத்தில் தங்கிப் படிக்க வருகையில், அவர்களை முதலில் சிரமப்படுத்துவது, பிற்பகல் மூன்று மணிக்குள்ளேயே சூரியன் அஸ்தமித்துவிடும் டிசம்பர் மாதத்து இருளே. ஆயினும், ஏழு வயதில்தான் முதல் வகுப்பில் சேரும் அந்நாட்டுக் குழந்தைகள், பாடவேளைகளுக்கு இடையே பனியில் ஓடி விளையாடிவிட்டு வந்து, 1948 முதல் எல்லாருக்கும் இலவசமாக வழங்கப்பெறும் மத்தியான போஜனத்தை உபாத்தியாயரோடு கூடி அமர்ந்து உண்பதைப் அந்தச் சர்வகலாசாலையின் பயிற்சிப் பள்ளியிலே பார்க்கப் பார்க்க, ஊரும் பழகிவிடுகிறது, தனிமையும் தணிகிறது. பிரசங்க மண்டபத்தைவிட அந்தப் போஜனசாலையே சிறந்த வகுப்பு என்பது என் துணிபு. அயல்நாடு செல்லும் மாணாக்கர்களே, அறைக்குள் அடைந்திராமல் அவ்வூர்ப் பள்ளிக்கூடங்களுக்குச் சென்று அமருங்கள்.